ஒரு வருடம் மட்டும், றொக்சன்

அத்தியாயம் 3

முதல் இரண்டு அத்தியாயங்களில் என்ன நடந்தது என்று வாசகர் பதற வேண்டியதில்லை. ஒன்றும் நடக்கவில்லை. உளவு பார்த்த வகையில் றொபின்சனுக்குக் கிடைத்தது ஒரு பார்க்கிங் டிக்கெட்டும் மூக்கொழுகும் ஒரு தடிமனும்தான். டிக்கெட்டைக் காட்டி முதலாளியிடம் காசு கேட்கலாம். தடிமனைக் காட்டினால் கொத்தமல்லித் தண்ணீர்தான் கிடைக்கும்.

முதலாளியின் பெயர் துஷாந்தினி. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில், பலசரக்குக் கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். கியூபெக் அரசாங்கம் கொடுத்த அனுமதிப் பத்திரம் சுவரில் தொங்கும். அதற்குக் கீழே ஒரு காகிதச் சரை கச்சான் கடலை எப்போதும் இருக்கும். யோசனை வந்தால் கச்சான் உடைப்பாள். கோதைக் கூட்டி அள்ளுவது உதவியாளன் றொபின்சனின் பொறுப்பு. மட்டக்களப்பில் பிறந்தவன், வாய்க்குப் பூட்டு இல்லாதவன். அந்தப் பூட்டு வேலையைத் துஷாந்தினியின் குதிக்கால்தான் பார்த்து வந்தது.

அன்று காலை கச்சான் கோது நிறையச் சேர்ந்திருந்தது. எதிரே கட்சிக்காரி றொசானா இருந்தாள்.

"இண்டைக்குப் பின்னேரம் அஞ்சு மணிக்குக் கையெழுத்து வைக்கப் போறாராம், அக்கா. கிளப் ரெண்டு வருசம் தாறம் எண்டது. இந்த மனிசன் ஒரு வருசம் காணும் எண்டிட்டாராம். வயசு முப்பத்தாறு. மழை வரப்போகுதெண்டு ரேடியோவுக்கு முதல் இவரின்ர முழங்கால் சொல்லும். இந்த வயசில ஆரும் ரெண்டாவது வருசத்தை வேண்டாம் எண்டுவினமோ?"

மனிசன் என்று அவள் சொன்னது தன் கணவர் றொக்சனை. கிழக்குக் கனடாக் கூடைப்பந்து லீக்கில் மொன்றியல் காஸ்ட்டோர் அணிக்குப் பன்னிரண்டு பருவங்களாக ஆடிவரும் நம்மவர். பார்க் எக்ஸ்டென்ஷனில் அவர் நடந்து போனால் கடைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எட்டிப் பார்க்காவிட்டாலும் தெரியும், அவ்வளவு உயரம்.

"உங்களுக்கு இதை ஆர் சொன்னது?" துஷாந்தினி கேட்டாள்.

"ஏஜென்ட் அன்டன்ர மனிசி. கோயில்ல, நற்கருணை எடுக்க வரிசையில நிக்கேக்க."

"அந்த இடத்தில பொய் சொல்லமாட்டினம்," என்றான் றொபின்சன்.

றொசானா அதைக் கவனிக்கவில்லை. "பியர்பொன்ட்ஸில ஒரு வீடு பாத்து வைச்சிருக்கிறம். ரெண்டு வருச ஒப்பந்தம் காட்டினாத்தான் கடன் எண்டு வங்கியில சொல்லிப்போட்டினம். அது இவருக்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டு ஒரு வருசம் எண்டால் என்ன கருத்து? வாற வருசம் எங்கயோ போக வழி பாக்கிறார். கிழமைக்கு ரெண்டு தரம் லவாலுக்கு, முழங்கால் வைத்தியமாம். ஒரு எண்ணெய் மணம் இல்லை, களிம்பு மணம் இல்லை. ஆரோ ஒருத்தி இருக்கிறா, அக்கா."

"வைத்தியத்துக்குப் போன ஆக்கள் நொண்டிக்கொண்டு வருவினம். உங்கட மனிசர் விசிலடிச்சுக்கொண்டு வாறாரெண்டால்..." றொபின்சன் தொடங்கினான். குதிக்கால் மேசைக்கு அடியில் தன் கடமையைச் செய்தது. அவன் வாயை மூடினான்.

"ஆள் இருக்கிறா எண்டு தெரிஞ்சால் என்ன செய்வீங்கள்?" என்று துஷாந்தினி கேட்டாள்.

"வீடும் வேண்டாம், ஆளும் வேண்டாம். ஆள் இல்லையெண்டால் அஞ்சு மணிக்கு முதல் நான் அவருக்கு முன்னால போய் நிப்பன். என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு அவர் ஒரு வருசத்தில கையெழுத்து வைக்கமாட்டார்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நான் வேலைக்குப் போகவேணும். கார்தெரியில இருபது பிள்ளையள் எனக்காகப் பாத்துக்கொண்டிருக்குங்கள்."

அவள் பிள்ளைகள் காப்பகத்துக்குப் போன பிறகு துஷாந்தினி கடைசிக் கச்சானை உடைத்தாள். "காரை எடும். இண்டைக்கு அவர் லவாலுக்குப் போற நாள்."

றொபின்சனின் காரில் ஹீட்டர் வேலை செய்யாது. ஜன்னல் மட்டும் தானாகத் திறந்துகொள்ளும். வீதி வேலைக்கு வைத்த செம்மஞ்சள் கூம்புகளுக்கு நடுவே ஊர்ந்து, பாலம் தாண்டி, லவாலில் றொக்சனின் வெள்ளை வாகனத்தைப் பிடித்தபோது, அது ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் நின்றது. றொபின்சன் பின்னாலேயே உள்ளே போய், வடைக் கண்ணாடிப் பெட்டியின் முன் வடையை வெகுவாக ஆராய்பவனைப் போல நின்றுகொண்டான்.

திரும்பி வந்தபோது அவன் கையில் நான்கு ரோல்ஸ் இருந்தன. "ஒரு பொம்பிளையோட கதைச்சவர், அக்கா."

"ஆர்?"

"காசு வாங்கிற அம்மா. எழுபது வயசிருக்கும். பலகையில கொட்டை எழுத்தில 'இன்று ஒடியல் கூழ்' எண்டு கிடக்கு. அதைக் காட்டி, அம்மா, அதில என்ன எழுதியிருக்கு எண்டு கேட்டார். பாவம், ரெண்டு வயசில வந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில படிச்ச ஆள். அந்த அம்மா வாசிச்சுக் காட்டினவுடன, கூழ் வேண்டாம், ரோல்ஸ் தாங்கோ எண்டிட்டார். ஒரு கூழுக்கு இவ்வளவு படிப்போ?"

துஷாந்தினி சிரிக்கவில்லை. ரோல்ஸைக் கடித்துக்கொண்டு, "அதை மறக்காதையும்," என்றாள். எதை மறக்கக் கூடாது, கூழையா ரோல்ஸையா என்று றொபின்சனுக்கு விளங்கவில்லை.

அடுத்து றொக்சன் போனது விளையாட்டுச் சாமான் கடைக்கு. பெரிய பெட்டி ஒன்றோடு வெளியே வந்தார். அவர் வாகனம் நகரும் முன் றொபின்சன் கடைக்குள் ஓடினான். தனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் செலவழித்து, அந்த உயரமான ஐயா வாங்கிய சப்பாத்துப் போலவே தனக்கும் ஒரு சோடி வேண்டும் என்றான். விற்பனைப் பெண் அவன் காலைப் பார்த்தாள். அது பதினைந்தாம் அளவு, உங்களுக்கு எட்டு, நீங்கள் அதற்குள் படுத்தே உறங்கலாம் என்றாள். அவருக்கும்கூட அது பெரிது, அவர் வழக்கமாக வாங்குவது பதின்மூன்று என்றும் சொன்னாள்.

"அக்கா," என்று மூச்சு வாங்க வந்து காரில் ஏறினான். "ஆரோ ஒருத்தி இருக்கிறா எண்டால் அவவின்ர கால் பதினைஞ்சு. கிளப் அவவுக்குத்தான் ஒப்பந்தம் குடுக்கவேணும்."

"அப்ப ஒருத்தி இல்லை. ஒருத்தன்."

"அதுக்கும் இந்தக் காலத்தில..."

"றொபின்சன், பேசாமல் காரை ஓட்டும்."

வெள்ளை வாகனம் ஒரு சமூக மண்டபத்தின் பின்பக்கம் நின்றது. மேல் மாடத்தில் பார்வையாளர் அமரும் வாங்குகள் இருந்தன. இருவரும் வாங்குகளுக்கு இடையில் குனிந்திருந்து கீழே பார்த்தார்கள்.

கூடைப்பந்துத் தளத்தில் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் றொக்சன். இன்னொருவன் இருபத்து மூன்று வயது மதிக்கத்தக்க, றொக்சனையும் விட உயர்ந்த இளைஞன். புதுச் சப்பாத்து அவன் காலில் இருந்தது. இருவருக்கும் நடுவில் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்ற குட்டை மனிதர் ஏஜென்ட் அன்டன். ஆட்டக்காரரின் ஒப்பந்தமும் பார்ப்பார், வீடும் விற்றுக் கொடுப்பார், கலியாண வீடியோவும் எடுப்பார்.

இளைஞன் பந்தை எறிந்தான். அது வளையத்தில் பட்டு வெளியே போனது.

றொக்சன் அன்டனைப் பார்த்துச் சொன்னார்: "முழங்கையை உள்ளுக்கு வைக்கச் சொல்லுங்கோ."

அன்டன் இளைஞனிடம் திரும்பினார். "முழங்கையை உள்ளுக்கு வைக்கட்டாம்."

இளைஞன் அன்டனிடம் சொன்னான்: "உள்ளுக்கு வைச்சால் கண்ணை மறைக்குதெண்டு சொல்லுங்கோ."

"கண்ணை மறைக்குதாம்," என்றார் அன்டன், றொக்சனிடம்.

மூவரும் ஒரே இடத்தில், கை எட்டும் தூரத்தில் நின்றார்கள். சற்று நேரத்தில் அன்டனுக்குத் தொண்டை கட்டி, அவர் தண்ணீர் குடிக்கப் போனார். இப்போது என்ன செய்வார்கள் என்று றொபின்சன் எட்டிப் பார்த்தான். றொக்சன் பந்தைக் கையில் எடுத்து அதன் முகத்துக்கு நேரே சொன்னார்: "இந்தப் பந்துக்குக் கொஞ்சம் மூளை இருந்தால், இடப்பக்கத்தால போய்ப் பாக்கும்."

இளைஞன் வளையத்தை அண்ணாந்து பார்த்தான். "இடப்பக்கம் போகலாம் எண்டு அந்த வளையத்துக்கும் தெரியும்," என்றான். பிறகு இடப்பக்கத்தால் போனான். பந்து விழுந்தது.

றொபின்சன் மூக்கை உறிஞ்சினான். "விளங்கிட்டுது அக்கா. அந்தப் பெடியன் வேற அணியின்ர ஒற்றன். இவர் எங்கட அணியை விக்கிறார். முகம் பாத்துக் கதைக்க வெக்கமா இருக்கு."

"நீர் மனிசரைப் பாக்கிறேல்லை." துஷாந்தினியின் முகத்தில் அன்றைக்கு முதன்முறையாகச் சந்தோஷம் தெரிந்தது. "அந்நியனோட கோவம் எண்டால் விட்டிட்டுப் போவினம், இல்லாட்டி அடிபடுவினம். சப்பாத்தும் வாங்கிக் குடுத்து, ஆட்டமும் சொல்லிக் குடுத்து, வாய் மட்டும் திறக்காமல் நிக்கினமெண்டால் அது சொந்தக்காரர். அதிலயும் கலியாணத்தால வந்த சொந்தம். ஆர் முதல் கதைக்கிறதெண்டு நிக்கினம்."

அன்டன் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியபோது துஷாந்தினியும் றொபின்சனும் மாடத்திலிருந்து இறங்கி அவருடைய வழியில் நின்றார்கள். பெயரைச் சொல்லி, வந்த விஷயத்தையும் துஷாந்தினி சொன்னாள். அன்டன் ஒளிக்கவில்லை. ஒளித்து ஒளித்து அவருக்கும் களைத்திருந்தது.

"பெடியன் ஜெனாட். றொசானான்ர தம்பி. றொக்சனுக்கு மச்சான்முறை. ரெண்டு வருசமாக் கதை பேச்சில்லை."

"ஏன்?"

"றொக்சன்ர மகள் முதல் நற்கருணை எடுத்த புதுநன்மைக்கு, ஜெனாட்டுக்கு வாட்ஸப்பிலதான் அழைப்புப் போனது. தாய்மாமனுக்கு. நேரில வந்து சொல்லேல்லை. எனக்கும் றொக்சன்ர போனில இருந்து அந்த மெசேஜ்தான் வந்தது, 'இறையருளால்' எண்டு தொடங்கி வடிவான தமிழ். நான் அந்நியன், எனக்கது காணும். தாய்மாமனுக்குக் காணுமோ? அவன் வரேல்லை. றொக்சன், நான்தான் அனுப்பினன் எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு நிண்டார். அண்டைக்குப் பூட்டின வாய்."

"அதுக்கும் ஒரு வருச ஒப்பந்தத்துக்கும் என்ன சம்பந்தம்?"

அன்டன் ஒரு வாங்கில் அமர்ந்தார். "லீக்கில ஒவ்வொரு கிளப்பும் ஆட்டக்காரருக்குக் குடுக்கிற மொத்தச் சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு. அதுக்கு மேல போகேலாது. அதோட, கனக்கப் பருவம் ஆடின ஆளுக்குக் குடுக்கவேண்டிய ஆகக் குறைஞ்ச சம்பளமே கூடத்தான். அப்ப என்ன நடக்கும்? பழைய ஆக்களை ஒருத்தரும் எடுக்கமாட்டினம். அதால லீக் ஒரு விதி வைச்சது. பழைய ஆள் ஒரு வருசத்துக்கு மட்டும் கையெழுத்து வைச்சால், அவரை ரெண்டு பருவம் ஆடின பெடியன் எண்டுதான் கிளப்பின்ர கணக்கில எழுதுவினம். மிச்சத்தை லீக் குடுக்கும். ஆளுக்கு முழுச் சம்பளம் வரும். ரெண்டு வருசம் எண்டு எழுதினால் அந்தச் சலுகை இல்லை, முழுப் பாரமும் கிளப்பின்ர தலையில."

துஷாந்தினி நெற்றியைச் சுருக்கினாள். ஆனால் றொபின்சனின் முகம் தடிமனையும் மீறி மலர்ந்தது.

"மண்டபக் கணக்கு, அக்கா. கலியாண மண்டபத்தில பெரிய ஆளுக்கு முழுப் பிளேட், சின்னப் பிள்ளைக்கு அரைப் பிளேட். றொக்சன் அண்ணை ஒரு வருசம் எண்டால் மண்டபக்காரன் அவரைச் சின்னப் பிள்ளை எண்டு எழுதுறான். அவர் இருந்து முழுப் பிளேட்டையும் சாப்பிடுறார். மிச்ச அரைப் பிளேட்டில இன்னொரு ஆளுக்குச் சாப்பாடு சொல்லலாம்."

"இன்னொரு ஆள் ஜெனாட்," என்றாள் துஷாந்தினி மெதுவாக.

"ஓம். கிளப்புக்குப் பெடியனைப் பிடிச்சிருக்கு, இடம்தான் இல்லை. றொக்சன் இடம் விட்டார்." அன்டன் குரலைத் தாழ்த்தினார். "றொசானா ஒரு சபதம் எடுத்திருக்கிறா. தம்பி வந்து நிக்காமல் புது வீட்டு வாசல்படி மிதிக்கமாட்டாவாம். றொக்சன் என்னட்டை என்ன சொன்னவர் தெரியுமோ? வீட்டை வாங்கி என்ன செய்யிறது அன்டன், அவ உள்ள வரமாட்டா, முதல் ஆளை வாங்குவம், பேந்து வீட்டை வாங்குவம் எண்டார். ஒரே அணியில ஆடினால் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக் கத்தித்தான் ஆகவேணும், கத்தாட்டிக் கோச் வெளியால இருத்திப்போடுவார். ஆட்டத்தில கத்தினது கதைச்சதாகாதாம். ஒருத்தருக்கும் தோல்வி இல்லை."

"இது ஜெனாட்டுக்குத் தெரியுமோ?"

"ஐயோ, தெரிஞ்சால் அந்தச் சப்பாத்தைக் கழட்டி எறிஞ்சுபோட்டுப் போயிடுவான். சப்பாத்தும் கிளப் தந்ததெண்டுதான் சொல்லியிருக்கு."

திரும்பும் வழியில் றொபின்சன் உருகிப்போயிருந்தான். இப்படி ஒரு மனிதரையா இரண்டு நாளாகச் சந்தேகத்தோடு பின்தொடர்ந்தோம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. "வழக்கு முடிஞ்சுது அக்கா. குற்றவாளி இல்லாத வழக்கு."

"இருக்கு," என்றாள் துஷாந்தினி.

நான்கு மணி தாண்டி றொசானா நிலையத்துக்கு வந்தாள். கார்தெரியிலிருந்து நேரே வந்திருந்தாள், உடுப்பில் பிள்ளைகளின் நீலச் சாயம் இருந்தது. துஷாந்தினி ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். மண்டபக் கணக்கை விளக்கும் பெருமையை மட்டும் றொபின்சனுக்கு விட்டுக்கொடுத்தாள். கேட்கக் கேட்க றொசானாவின் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது.

"பந்தோடயோ கதைச்சவர்?" என்றாள் கடைசியில். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத சத்தம் ஒன்று வந்தது.

"இன்னும் ஒண்டு இருக்கு," என்றாள் துஷாந்தினி. "அந்த மெசேஜ் நல்ல தமிழில எழுதினது. உங்கட மனிசருக்கு 'கூழ்' எண்டு எழுதியிருந்தால்கூட வாசிக்கத் தெரியாது. அப்ப அவரின்ர போனில இருந்து 'இறையருளால்' எண்டு எழுதி அனுப்பினது ஆர்?"

றொபின்சன் கூட்டிக்கொண்டிருந்த கச்சான் கோதை அப்படியே விட்டான். துப்பறியும் நிலையத்துக்குக் காசு கட்டி, குற்றவாளியே வந்து கதிரையில் இருப்பதை அவன் இதுவரை கண்டதில்லை.

றொசானா சாயம் பட்ட விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லவேண்டிய வீடு நிறைய. என்ர போனில சார்ஜ் இல்லை. அவரின்ர போனை எடுத்து எல்லாருக்கும் ஒரே அடியா அனுப்பிப்போட்டன். தம்பியின்ர பேரும் அதுக்குள்ள போயிட்டுது. அவன் கோவிச்ச உடன நான் வாய் திறக்கமுதல் இவர் நான்தான் எண்டிட்டார். நானும் பேசாமல் இருந்திட்டன். பேந்து சபதமும் எடுத்தன்." அவள் குரல் உடைந்தது. "அந்த மனிசனையே நான் சந்தேகப்பட்டன்?"

மேசை மேல் அவளுடைய போன் கிடந்தது. ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஒரு அழைப்பு போதும், இரண்டு வருடம், பியர்பொன்ட்ஸ் வீடு. ஆனால் ஜெனாட்டுக்கு இடம் இருக்காது. றொபின்சன் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

றொசானா போனை எடுத்தாள். கைப்பைக்குள் போட்டுப் பூட்டினாள்.

"தம்பி இருக்கிறது ரெண்டு தெரு தள்ளித்தான். இப்ப வந்திருப்பான். வெறுங்கையோட போகேலாது. கீழ்க்கடையில வாழைப்பழம் இருக்குமோ?"

ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பெட்டி பிஸ்கற்றும் வாங்கினார்கள். ஜெனாட்டின் வீட்டு வெளிப்படிக்கட்டில் மூன்றாம் மாடி வரை வாழைப்பழத்தைச் சுமந்தவன் றொபின்சன். துப்பறியும் தொழிலில் இதுவும் அடக்கம் என்று அவனுக்கு யாரும் முன்பு சொல்லவில்லை. பாதி ஏறியபோது துஷாந்தினியின் போன் அதிர்ந்தது. அவள் பார்த்துவிட்டு அவன் காதருகே சொன்னாள்: "அன்டன். கையெழுத்து வைச்சாச்சாம். ஒரு வருசம்."

கதவைத் திறந்தது ஜெனாட். புதுச் சப்பாத்து இன்னும் காலில்தான் இருந்தது. அக்காவைக் கண்டதும் கதவை முழுதாகத் திறக்கவும் தெரியாமல் மூடவும் தெரியாமல் நின்றான்.

"புது வீடு குடிபூரலுக்குச் சொல்ல வந்தனான்," என்றாள் றொசானா. "நேரில."

"எந்த வீடு?"

"இன்னும் வாங்கேல்லை. வாற வருசம் வாங்குவம். நீ வந்து நிண்டால்தான் கதவு திறப்பன்."

அவன் வாழைப்பழச் சீப்பைப் பார்த்தான். அதற்குப் பின்னால் தெரிந்த றொபின்சனையும் பார்த்தான்.

"தம்பி, அண்டைக்கு அந்த மெசேஜ் அனுப்பினது அத்தான் இல்லை. நான்தான்."

"தெரியும்."

றொசானா திகைத்தாள். துஷாந்தினியும் திகைத்தாள். இதை அவள் கண்டுபிடித்திருக்கவில்லை.

"அத்தானுக்குத் தமிழ் எழுதத் தெரியாதெண்டு எனக்குத் தெரியாதோ?" என்றான் ஜெனாட் நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "உங்களோட என்னால கோவிக்கேலாது அக்கா. அம்மா செத்தபிறகு நீங்கள்தானே. அதான் அத்தானோட கோவிச்சனான்."

றொசானா அவன் கன்னத்தைத் தொட எட்டினாள். எட்டவில்லை, அவன் குனிந்து கொடுத்தான். நீலச் சாயம் கொஞ்சம் அவன் தாடையில் ஒட்டிக்கொண்டது.

பிறகு அவள் அவன் காலைப் பார்த்தாள். "சப்பாத்து நல்லா இருக்கு. ஆர் வாங்கித் தந்தது?"

"கிளப். என்னை எடுக்கப் போகினமாம். எப்பிடியோ ஒரு இடம் காலியாச்சாம்."

"அது எப்பிடியெண்டால் தம்பி, உங்கட அத்தான்..." றொபின்சன் வாழைப்பழத்தோடு முன்னே வந்தான். குதிக்கால் எட்டாம் அளவுச் சப்பாத்தின் மேல் முழுப் பாரத்தோடு இறங்கியது. "...சுகமா இருக்கிறார்," என்று முடித்தான்.

றொசானா ஒன்றும் தெரியாதவள்போல் தலையை ஆட்டினாள். "சரி, நான் வாறன். குடிபூரல் எண்டைக்கு எண்டு பேந்து சொல்லுறன்."

ஜெனாட் கதவில் சாய்ந்துகொண்டு சந்தேகத்தோடு பார்த்தான்.

"வாட்ஸப்பிலயோ?"

"இல்லை," என்றாள் அக்கா. "அதுக்கும் நேரில வருவன். அத்தானையும் கூட்டிக்கொண்டு வருவன். நீங்கள் ரெண்டு பேரும் வேணுமெண்டால் வாழைப்பழத்தோட கதையுங்கோ."